வாளி வழியும் இடங்கள்: நிறம் நிரப்பல் பற்றிய வாசகர் கேள்வி – பதில்

கணினியில் படத்துக்கு நிறம் நிரப்புவது பற்றி வன்னியின் பல ஊர்களிலிருந்தும் கேள்விகள் வந்திருந்தன. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கி இங்கே பதில் தருகிறோம். சொல்லியிருக்கும் விசைகள் விண்டோஸ் கணினிக்கானவை. மென்பொருள் எது என்று கேள்வியில் குறிப்பிடாத இடங்களில் போட்டோஷொப்பை வைத்தே எழுதியிருக்கிறோம். இலவச மென்பொருளான ஜிம்ப் வேறுபடும் இடங்களைத் தனியாகச் சொல்கிறோம்.

உயர்தர மாணவி, விசுவமடு: ஒரு இடத்தைத் தெரிவுசெய்துவிட்டு வாளிக் கருவியால் கிளிக் செய்கிறேன். முழு இடத்துக்கும் நிறம் வருவதில்லை, திட்டுத்திட்டாகத்தான் வருகிறது. மிச்ச இடங்களில் திரும்பத் திரும்பக் கிளிக் செய்ய வேண்டியிருக்கிறது. ஏன்?

வாளி உங்கள் தெரிவை மட்டும் பார்த்து வேலை செய்வதில்லை. நீங்கள் கிளிக் செய்த பிக்சலின் (படத்தின் மிகச் சிறிய புள்ளியின்) நிறம் என்ன, அதற்கு நெருங்கிய நிறம் பக்கத்தில் எதுவரை போகிறது என்றும் பார்க்கிறது. தெரிவு என்பது அது தாண்டக்கூடாத வேலி, அவ்வளவுதான். வேலிக்குள்ளே வெள்ளையும் சாம்பலும் கலந்திருந்தால் வெள்ளையில் கிளிக் செய்யும்போது வெள்ளை மட்டும் நிறம் மாறும்.

எவ்வளவு நெருங்கிய நிறம் என்பதைத் தீர்மானிப்பது மேலே பட்டையில் இருக்கும் ‘ரொலரன்ஸ்’ எண். 0 முதல் 255 வரை வைக்கலாம். போட்டோஷொப்பில் தொடக்கத்தில் 32 இருக்கும். ஜிம்பில் அதே வேலையைச் செய்வது ‘த்ரெஷோல்ட்’, அதன் தொடக்க எண் 15.

தெரிவு முழுவதும் ஒரே நிறம்தான் வேண்டுமென்றால் வாளியைத் தொடவே தேவையில்லை. அல்ட் விசையுடன் பேக்ஸ்பேஸை அழுத்தினால் முன்நிறம் முழுத் தெரிவையும் நிரப்பும். கொன்ட்ரோலுடன் பேக்ஸ்பேஸ் என்றால் பின்நிறம். உள்ளே முன்பு என்ன இருந்தது என்பது கணக்கில் வராது. முன்நிறத்தையும் பின்நிறத்தையும் மாற்றிப் போட எக்ஸ் விசை, பழையபடி கறுப்பு வெள்ளைக்குத் திரும்ப டி விசை. ஒளிபுகுமளவு போன்றவற்றையும் அந்த இடத்திலேயே மாற்ற வேண்டுமென்றால் ஷிப்டுடன் எஃப்5 அழுத்தினால் ‘ஃபில்’ பெட்டி திறக்கும்.

ஜிம்பில் முன்நிறத்துக்குக் கொன்ட்ரோலும் காற்புள்ளியும், பின்நிறத்துக்குக் கொன்ட்ரோலும் முற்றுப்புள்ளியும். அங்கே வாளியின் அமைப்புகளில் ‘ஃபில் ஹோல் செலக்சன்’ என்று ஒன்றும் இருக்கிறது. அதைத் தெரிந்தால் வாளியும் தெரிவு முழுவதையும் நிரப்பும்.

டிலீட் விசையால் நிரப்பும் பழக்கம் சிலருக்கு உண்டு. அதை விட்டுவிடுவது நல்லது. லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள் போன்ற அடுக்கு. போட்டோஷொப்பில் ‘பேக்கிரவுண்ட்’ லேயரில் நின்று டிலீட் அழுத்தினால், சிஎஸ்5 பதிப்பிலிருந்து ‘ஃபில்’ பெட்டிதான் வரும். அதில் ‘கொன்டென்ற் அவெயர்’ தெரிவாகி இருக்கும்போது அவசரத்தில் ஓகே கொடுத்தால், நிறத்துக்குப் பதிலாகப் பக்கத்தில் இருக்கும் காட்சியை இழுத்து ஒட்டிவிடும். ஜிம்பில் அதே விசை, லேயருக்கு அல்பா (ஒளிபுகு தன்மை) இருந்தால் ஓட்டையாக்கும், இல்லாவிட்டால் பின்நிறம் பூசும்.

பிறருக்கு வேலை செய்து கொடுப்பவர்களுக்கு எங்கள் பரிந்துரை வேறு. இடத்தைத் தெரிவுசெய்த பின் ‘லேயர்’ மெனுவில் ‘நியூ ஃபில் லேயர்’, ‘சொலிட் கலர்’ என்று போங்கள். நிறம் தனி லேயராக, உங்கள் தெரிவின் வடிவிலேயே மாஸ்க்குடன் (கறுப்பு உள்ள இடத்தில் லேயரை மறைக்கும் மறைப்புடன்) வந்துவிடும். “பச்சை கொஞ்சம் கடுமையாக இருந்தால் நல்லம்” என்று மூன்றாம் தரம் கேட்டு வந்தாலும் அந்த லேயரின் சின்னத்தில் இரண்டு தரம் கிளிக் செய்தால் போதும். திரும்பத் தெரிவுசெய்யும் வேலை இல்லை.

ஆசிரியர், மல்லாவி: முல்லைத்தீவு மாவட்ட வரைபடத்தைக் கையால் வரைந்து ஸ்கான் செய்தேன். பிரதேச செயலாளர் பிரிவுகளுக்குத் தனித்தனி நிறம் கொடுக்க வேண்டும். ஒன்றுக்கு ஊற்றினால் இன்னொன்றுக்கும் நிறம் போகிறது. போகாத இடங்களில் கோட்டை ஒட்டி வெள்ளையாக ஒரு விளிம்பு நிற்கிறது.

இரண்டும் வெவ்வேறு பிழைகள். ஒன்றைத் திருத்தப் போய் மற்றதைக் கூட்டிவிடுவதுதான் வழக்கமாக நடப்பது.

நிறம் பக்கத்துப் பிரிவுக்குப் போகிறது என்றால் எல்லைக்கோடு எங்கோ அறுந்திருக்கிறது. குளக்கட்டில் நண்டு வளை போல ஒரு பிக்சல் இடைவெளி போதும், அடுத்த பக்கம் முழுவதும் நிரம்பிவிடும். வெள்ளை விளிம்புக்குக் காரணம் கோட்டின் ஓரம். பேனாக் கோடு கணினிக்குள் வரும்போது கறுப்பிலிருந்து வெள்ளைக்கு ஒரேயடியாகத் தாவுவதில்லை. இடையில் இரண்டு மூன்று பிக்சல் அகலத்துக்குச் சாம்பல் படிகள் இருக்கும். வெள்ளை 255. ரொலரன்ஸ் 32 என்றால் 223 வரையுள்ள பிக்சல்களுக்கே நிறம் போகும். அதற்குக் கீழே உள்ள வெளிறிய சாம்பல் அப்படியே நிற்கும். அதைத்தான் நீங்கள் வெள்ளை விளிம்பாகப் பார்க்கிறீர்கள். விளிம்பைப் போக்க ரொலரன்ஸை 150, 180 என்று ஏற்றினால் மெல்லிய கோடுகளையும் தாண்டி நிறம் வழியும்.

ஆகவே கோட்டையும் நிறத்தையும் ஒரே லேயரில் வைக்காதீர்கள். ஒழுங்கு இதுதான்.

ஸ்கான் செய்யும்போது கிரேஸ்கேலில் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) வையுங்கள். ஏ4 தாள் 4960 × 7016 பிக்சலாக வரும். ஜேபெக்காகச் சேமிக்க வேண்டாம், பிஎன்ஜி அல்லது டிஃப் போதும். ஜேபெக் படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால் கறுப்புக் கோட்டைச் சுற்றி மெல்லிய அழுக்குத் தூவியது போல ஆகும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வாளிக்குத் தெரியும்.

திறந்ததும் ‘இமேஜ்’ மெனுவில் ‘மோட்’ போய் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் சேர்ந்த நிற முறை) ஆக்குங்கள். இதை மறந்தால் எந்த நிறத்தை ஊற்றினாலும் சாம்பலாகத்தான் விழும். பிறகு கொன்ட்ரோலும் எல்லும் அழுத்தி ‘லெவல்ஸ்’ திறந்து, வலப்பக்கத்து வெள்ளை முக்கோணத்தைத் தாளின் நிறம் சுத்த வெள்ளையாகும்வரை இடப்பக்கம் நகர்த்துங்கள். கறுப்பு முக்கோணத்தை வலப்பக்கம் கொஞ்சம் நகர்த்தினால் பென்சில் கோடும் கறுக்கும்.

‘பேக்கிரவுண்ட்’ லேயரில் இரண்டு தரம் கிளிக் செய்து அதைச் சாதாரண லேயராக்கி ‘கோடு’ என்று பெயர் வையுங்கள். அதன் கலப்பு முறையை ‘மல்டிப்ளை’ ஆக்குங்கள். கீழே ‘நிறம்’ என்று ஒரு வெறும் லேயர், அதற்கும் கீழே முழுவதும் வெள்ளை நிரப்பிய ஒன்று. மல்டிப்ளை என்பது மேல் லேயரின் எண்ணையும் கீழ் லேயரின் எண்ணையும் பெருக்கி 255 ஆல் வகுப்பது. மேலே வெள்ளை இருந்தால் கீழிருக்கும் நிறம் மாறாமல் தெரியும். கறுப்பு இருந்தால் கறுப்பே தெரியும். சாம்பல் படிகள் கீழிருக்கும் நிறத்தைக் கறுப்பை நோக்கி மெல்ல இருட்டாக்கும். வெள்ளை விளிம்புக்கு இடமே இல்லை.

இனி ‘கோடு’ லேயரில் நின்று, கிளிக் செய்த நிறத்துக்கு நெருங்கிய இடத்தைத் தெரிவுசெய்யும் மஜிக் வொண்ட் கருவியை எடுங்கள். ரொலரன்ஸ் 40, ‘கொன்டிகுவஸ்’ பெட்டியில் சரி அடையாளம் இருக்கட்டும், ஒன்றையொன்று தொடும் பிக்சல்கள் மட்டும் தெரிவாகும். ஒட்டுசுட்டான் பிரிவுக்குள் கிளிக் செய்தால் எல்லையில் ஓடும் புள்ளிக்கோடு எதுவரை போகிறது என்று பாருங்கள். புதுக்குடியிருப்புக்குள்ளும் அது ஓடினால் இரண்டுக்கும் நடுவிலுள்ள கோட்டில் ஓட்டை. 200 வீதத்துக்குப் பெரிதாக்கித் தேடிப் பிடித்து, கோட்டின் தடிப்பிலேயே கறுப்புப் பென்சில் கருவியால் மூடுங்கள். நிறத்தை ஊற்றிய பின் ஓட்டை தேடுவதைவிட இது எவ்வளவோ சுகம்.

தெரிவு சரியாக நின்றதும் ‘செலக்ட்’ மெனுவில் ‘மொடிஃபை’, ‘எக்ஸ்பான்ட்’ போய் 4 பிக்சல் கொடுங்கள். 600 டிபிஐ படத்தில் அரை மில்லிமீற்றர் கோடு ஏறக்குறைய 12 பிக்சல் தடிப்பு. 4 பிக்சல் விரிந்தாலும் நிறம் கோட்டுக்குக் கீழேதான் ஒளிந்திருக்கும். இப்போது ‘நிறம்’ லேயருக்கு மாறி அல்ட், பேக்ஸ்பேஸ். பிறகு கொன்ட்ரோல், டி அழுத்தித் தெரிவை விடுவியுங்கள். லேயர் மாற மறப்பதுதான் இதில் அதிகம் நடக்கும் பிழை. பிரிவுகள் பல என்றால் விரித்தல், லேயர் மாற்றம், நிரப்பல் மூன்றையும் ஒரு ‘அக்சன்’ ஆகப் பதிந்து ஒரு எஃப் விசைக்குக் கொடுத்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை: ‘எக்ஸ்பான்ட்’ கூர்மூலைகளை வெட்டி மழுக்கும். வரைபட எல்லைக்கு அது பாதகமில்லை. செவ்வகப் பெட்டியை விரிக்கும்போது மூலை கெடும், அதற்கு ‘ட்ரான்ஸ்ஃபோர்ம் செலக்சன்’ பாவியுங்கள்.

கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், துணுக்காய், மாந்தை கிழக்கு, வெலிஓயா என்று ஆறு பிரிவுகளுக்கு ஆறு நிறம் கட்டாயமில்லை. அடுத்தடுத்த இரண்டு பிரிவுகள் ஒரே நிறமாக அமையாமல் எந்த வரைபடத்துக்கும் நான்கு நிறம் போதும் என்பதை 1976இல் அப்பலும் ஹாக்கனும் கணினி கொண்டு நிறுவினார்கள். கறுப்பு வெள்ளையில் பிரதி எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் நிறம் குறைவாக இருப்பதே நல்லது. மஞ்சளும் இளம் பச்சையும் பிரதியில் ஒன்றாகிவிடும்.

நந்திக்கடல், முத்தையன்கட்டுக் குளம், வவுனிக்குளம், தண்ணிமுறிப்பு எல்லாவற்றுக்கும் ஒரே நீலம் வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்து நிரப்பத் தேவையில்லை. முதலாவதில் கிளிக் செய்து, அடுத்தவற்றில் ஷிப்டை அழுத்தியபடி கிளிக் செய்தால் தெரிவுகள் சேர்ந்துகொண்டே வரும். கடைசியில் ஒரே தரம் நிரப்பலாம்.

ஜிம்ப் பாவிப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. 2.10.10 பதிப்பிலிருந்து வாளியில் ‘லைன் ஆர்ட் டிடெக்சன்’ என்ற முறை இருக்கிறது. சிறிய இடைவெளிகளை அதுவே மூடியதாகக் கருதி நிரப்பும், நிறத்தைக் கோட்டுக்குக் கீழும் கொஞ்சம் செலுத்தும். கையால் வரைந்த கோட்டுக்கு நன்றாக வேலை செய்கிறது. பெரிய படத்தில் மெதுவாகத்தான் ஓடும்.

பத்திரிகையிலோ புத்தகத்திலோ அச்சான வரைபடத்தை ஸ்கான் செய்திருந்தால் மேலே சொன்னது போதாது. அச்சுச் சாம்பல் என்பது உண்மையில் சிறு சிறு கறுப்புப் புள்ளிகள். வொண்ட் ஒவ்வொரு புள்ளியையும் எல்லையாகப் பார்க்கும். ஸ்கானரில் இந்தப் புள்ளிகளைக் கலைக்கும் ‘டிஸ்கிரீன்’ இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் ‘மீடியன்’ வடிகட்டியை 2 அல்லது 3 பிக்சலில் ஓடவிட்டு, பிறகு லெவல்ஸ்.

அச்சக ஊழியர், கிளிநொச்சி: வற்றாப்பளைப் பொங்கல் பதாகை ஒன்றில் வெள்ளைப் பின்னணியைச் சிவப்பாக்கினேன். எழுத்துகளின் சுழிக்குள் மட்டும் வெள்ளை நிற்கிறது.

தமிழ் எழுத்தில் மூடிய சுழிகள் அதிகம். ‘கண்ணகை அம்மன்’ என்று எழுதினாலே எத்தனை. ‘கொன்டிகுவஸ்’ போட்டிருந்தால் தொடர்ந்து தொட்டுக்கொண்டிருக்கும் வெள்ளை மட்டும்தான் தெரிவாகும். சுழிக்குள் இருக்கும் வெள்ளை வெளியோடு தொடர்பில்லாதது. ‘கொன்டிகுவஸ்’ அடையாளத்தை எடுத்துவிட்டால் சுழிகளும் வரும், ஆனால் அம்மன் படத்திலிருக்கும் மாலையின் வெள்ளையும் சேர்ந்து வரும்.

இரண்டுக்கும் நடுவே வழி இருக்கிறது. எழுத்து வரியைச் சுற்றி முதலில் ஒரு செவ்வகத் தெரிவு போடுங்கள். பிறகு வொண்டில் ‘கொன்டிகுவஸ்’ஐ எடுத்துவிட்டு, ஷிப்டையும் அல்டையும் சேர்த்து அழுத்தியபடி வெள்ளையில் கிளிக் செய்யுங்கள். செவ்வகத்துக்குள் இருக்கும் வெள்ளை மட்டும் மிஞ்சும். ஜிம்பில் இதற்குக் கொன்ட்ரோலும் ஷிப்டும். நிரப்புமுன் 1 பிக்சல் விரித்துவிடுங்கள்.

எழுத்துகள் உங்களிடம் தட்டச்சாக இருந்தால் இந்தப் பாடே வேண்டாம். எழுத்து தனி லேயர், அதற்குக் கீழே சிவப்புச் ‘சொலிட் கலர்’. யூனிகோட் தமிழை ஒட்டும்போது கொம்பு தனியே பிரிந்து நிற்கிறது என்பதற்காகவே பலர் எழுத்தைப் படமாக ஒட்டுகிறார்கள். போட்டோஷொப்பின் பழைய பதிப்புகளில், விருப்பங்களில் ‘டைப்’ பகுதியில் தென்னாசிய எழுத்துகளுக்கான இயந்திரத்தைத் தெரிந்து, மென்பொருளை மூடித் திறந்தால் கொம்பு உரிய இடத்துக்கு வரும். யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் வேலை செய்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

பெயர் குறிப்பிடாத வாசகர், மாங்குளம்: நிரப்பு விசையை அழுத்தினால் ஒன்றுமே நடப்பதில்லை.

படத்தை நேரே பார்க்காமல் காரணம் சொல்வதென்றால், அதிகம் நடப்பதிலிருந்து குறைய நடப்பதற்கு வரிசையாகச் சொல்லலாம். நீங்கள் நிற்பது வேறு லேயர், மேலே இருப்பது அதை மறைக்கிறது. அல்லது படத்தின் வேறு மூலையில் ஒரு சிறு தெரிவு மறந்துபோய்க் கிடக்கிறது. கொன்ட்ரோலும் எச் விசையும் தவறுதலாக அழுந்தியிருந்தால் அதன் புள்ளிக்கோடும் தெரியாது. கொன்ட்ரோல், டி அழுத்திவிட்டு மீண்டும் பாருங்கள். லேயரின் ஒளிபுகும் பிக்சல்கள் பூட்டப்பட்டிருந்தால் வெறும் இடத்தில் நிறம் விழாது. லேயருக்குப் பதிலாக மாஸ்க் தெரிவாகியிருந்தால் நிறம் விழாமல் படம் மறையும் அல்லது வெளிறும். ‘சானல்ஸ்’ பகுதியில் ஒரு சானலை மட்டும் கிளிக் செய்து வைத்திருந்தால் நிறம் தாறுமாறாக மாறும்.

50 வீதத்துக்கு மேல் தெரிவான பிக்சல் இல்லை என்று ஒரு எச்சரிக்கை வந்தால், தெரிவின் விளிம்பை மங்கலாக்கும் ‘ஃபெதர்’ எண் தெரிவின் அளவைவிடப் பெரிது. லாசோக் கருவியின் பட்டையில் யாரோ போட்ட 20 பிக்சல் ஃபெதர் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். பலர் பாவிக்கும் கணினியில் வேலையைத் தொடங்குமுன் அதை 0 ஆக்கிக்கொள்ளுங்கள். நிரப்பிய விளிம்பு காரணமில்லாமல் பஞ்சு போல மங்குவதும் அநேகமாக இதனால்தான்.

வாளியே காணவில்லை என்று வேறு இருவர் எழுதியிருந்தார்கள். ‘கிரேடியன்ட்’ கருவியை அழுத்திப் பிடியுங்கள், அதற்குப் பின்னால் இருக்கிறது. ஷிப்டும் ஜியும் அழுத்தினாலும் மாறும்.

ஸ்ரூடியோ உதவியாளர், வவுனியா: சிறிய ஆள்படங்களில் பின்புறத்தை ஒரே நீலமாக்கும்போது தலைமுடியைச் சுற்றி வெள்ளையாக ஒளிவட்டம் வருகிறது. முடியை வெட்டி எடுத்தால் பொம்மை போல ஆகிறது.

முடியை வெட்டி எடுக்கும் வேலையையே தவிர்ப்பதுதான் நல்ல வழி. படத்தை வெள்ளைத் திரைக்கு முன்னால் எடுங்கள். ஆள் திரையிலிருந்து நாலு ஐந்து அடி முன்னால் இருக்கட்டும், நிழல் திரையில் விழாது. திரைக்குத் தனியாக ஒரு விளக்கு இருந்தால் மிகவும் நல்லது.

பிறகு படத்துக்கு மேலே நீலச் ‘சொலிட் கலர்’ லேயர் ஒன்று போட்டு, அதை ‘மல்டிப்ளை’ ஆக்குங்கள். முழுப் படமும் நீலம் பூசியது போல ஆகும். அந்த லேயரின் மாஸ்க்கில் முகம், கழுத்து, உடை எல்லாவற்றையும் கறுப்பால் மூடுங்கள். முடியின் ஓரத்துக்கு வரும்போது மென்மையான தூரிகை எடுத்து, முடியின் உட்பக்கத்தோடு நின்றுவிடுங்கள். வெளியே பறக்கும் தனி முடிகளைத் தொடவே வேண்டாம். கறுப்பு முடியில் நீலத்தைப் பெருக்கினாலும் கறுப்புத்தான் வரும். முடிகளுக்கு நடுவிலுள்ள வெள்ளை நீலமாகிவிடும். ஒளிவட்டம் உருவாக வழியில்லை. தோள்பக்கத்தில் மட்டும் கடினமான தூரிகை பாவியுங்கள், அங்கே மென்மை வைத்தால் வெள்ளைச் சட்டையில் நீலம் ஊறும்.

நரைத்த முடிக்கு இது சரிவராது, நரை நீலமாகிவிடும். அவர்களுக்கு ‘செலக்ட் அன்ட் மாஸ்க்’ தான். முடி ஓரத்தில் ‘ரிஃபைன் எட்ஜ்’ தூரிகையை ஓட்டி, கீழே ‘டிகொன்டாமினேற் கலர்ஸ்’ பெட்டியைத் தெரிந்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பழைய பின்னணி நிறம் குறையும். நீலத் திரையில் எடுத்ததை வெள்ளையாக்குவது எப்போதும் சிரமமான வேலை. ஆகவே எடுக்கும்போதே வெள்ளையில் எடுத்து வைத்திருங்கள்.

கடவுச்சீட்டு, அடையாள அட்டைப் படங்களில் பின்புறத்தை மென்பொருளில் மாற்றாமல், கேட்கும் திணைக்களத்தின் குறிப்பில் சொன்ன நிறத்தில் உண்மையான திரையே வைத்து எடுப்பதுதான் முறை. இங்கே சொன்னது மற்றத் தேவைகளுக்கு.

35 × 45 மில்லிமீற்றர் படம் 300 டிபிஐயில் 413 × 531 பிக்சல். 4 × 6 அங்குலத் தாளில் எட்டுப் படம் அடங்கும். பின்புறம் வெள்ளை என்றால் ஒவ்வொன்றையும் சுற்றி 1 பிக்சல் சாம்பல் கோடு கொடுங்கள், கத்தரிக்கும்போது எல்லை தெரியும்.

இல்லத்தரசி, பூநகரி: கணினி இல்லை. போனில் செய்யலாமா?

செய்யலாம். போட்டோபியா என்ற இணையத்தளம் போன் உலாவியிலேயே திறக்கும். போட்டோஷொப்பின் கருவிகளும் மெனுக்களும் அதே இடங்களில் இருக்கும், படம் உங்கள் போனுக்குள்ளேயே கையாளப்படும். விரலால் நுணுக்கமாகத் தெரிவுசெய்வதுதான் கஷ்டம். கோலம், தையல் மாதிரி போன்றவற்றுக்கு வொண்டும் ‘எடிட்’ மெனுவிலுள்ள ‘ஃபில்’லும் போதும்.

விளையாட்டுக் கழக உறுப்பினர், புதுக்குடியிருப்பு: எங்கள் கழக இலச்சினையை மூன்று நிறத்தில் ரீசேட்டில் அடிக்கக் கொடுத்தோம். நிறங்கள் சுத்தமாக இல்லை, திருப்பி அனுப்புங்கள் என்று அச்சடிப்பவர் சொல்லிவிட்டார். திரையில் பார்த்தால் சுத்தமாகத்தான் இருக்கிறது. கறுப்பும் பதாகையில் சாம்பலாக வந்தது.

ரீசேட்டுக்கு ஸ்கிரீன் அச்சில் ஒரு நிறத்துக்கு ஒரு சட்டகம். ஆகவே அவருக்கு வேண்டியது உண்மையாகவே மூன்று நிறம். நீங்கள் வாளியிலோ வொண்டிலோ, விளிம்பை வழவழப்பாக்கும் ‘அன்ரி எலியாஸ்’ பெட்டியைத் தெரிந்து வைத்திருந்தால் ஒவ்வொரு விளிம்பிலும் இடைநிறங்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்திருக்கும். திரையில் அதுதான் அழகு, சட்டகத்துக்கு அது அழுக்கு.

சோதிக்க ஒரு வழி. படத்தின் பிரதி ஒன்றை எடுத்து லேயர்களை ஒன்றாக்கி, ‘மோட்’ மெனுவில் ‘இன்டெக்ஸ்ட் கலர்’ கொடுங்கள். ‘எக்சாக்ட்’ என்ற தெரிவில் நிறங்களின் எண்ணிக்கை காட்டும். மூன்று நிறமும் வெள்ளையும் என்றால் 4 வர வேண்டும். 190 என்று காட்டினால், அல்லது 256ஐத் தாண்டி ‘எக்சாக்ட்’ தெரியவே முடியாமல் இருந்தால், விளிம்புகள் கலந்திருக்கின்றன. ‘அன்ரி எலியாஸ்’ஐ எடுத்து, ஃபெதர் 0 ஆக்கி, 300 டிபிஐக்குக் குறையாமல் திரும்ப நிரப்புங்கள். விளிம்பு படிப்படியாகத் தெரியும். உண்மை அளவில் அச்சானால் அது கண்ணுக்குப் படாது. பிஎன்ஜியாகக் கொடுங்கள். ஜேபெக்காக்கினால் செய்த வேலை முழுவதும் வீண்.

பதாகைக் கறுப்பு வேறு கதை. நாலு மை அச்சு முறையான சிஎம்வைகேயில் கறுப்பு மை மட்டும் 100 வீதம் என்று பெரிய இடத்தை நிரப்பினால் அது கடும் சாம்பல் போலத்தான் தெரியும். பெரிய பரப்புக்கு சயான் 60, மஜென்டா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 என்று கொடுங்கள், மொத்த மை 240 வீதம். ஆர்ஜிபியில் நிரப்பிய கறுப்பைப் போட்டோஷொப்பின் பழைய இயல்பு அமைப்பில் மாற்றினால் 75, 68, 67, 90 என்று 300 வீதம் ஆகும். மெல்லிய தாளில் அது காயாது, பின்பக்கம் ஒட்டும். உங்கள் அச்சகத்தின் எல்லை எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு இந்த எண்களைக் கூட்டிக் குறைக்கலாம். கண்ணீர் அஞ்சலிப் பிரசுரம் போன்றவற்றில் சிறிய எழுத்துக்கு மட்டும் கறுப்பு 100 தனியே போதும். நாலு மையும் சேர்த்தால் அச்சு மயிரிழை விலகினாலும் எழுத்தைச் சுற்றி நிற நிழல் விழும்.

ரீசேட்டுக்குத் திரும்பினால், இரண்டு நிறம் தொடும் இடத்தில் மெல்லிய நிறத்தை 0.3 மில்லிமீற்றர் கடும் நிறத்துக்கு அடியில் விரித்துவிடுங்கள். 300 டிபிஐயில் அது 4 பிக்சல். துணி சற்று நகர்ந்தாலும் நடுவே துணியின் நிறம் தெரியாது. கறுப்பு ரீசேட் என்றால் எல்லாவற்றுக்கும் அடியில் வெள்ளை அடிப்பார்கள். அந்த வெள்ளையை விரிக்காமல் ‘கொன்ட்ராக்ட்’ கொடுத்து 2 பிக்சல் சுருக்கிக் கொடுங்கள், இல்லாவிட்டால் இலச்சினையின் ஓரமெல்லாம் வெள்ளை எட்டிப்பார்க்கும்.